கலயத்தோடு இராமேசுவரம் போன வழி

ஏலே கருவாயா, பெற்றவள் நான் உன் அஸ்தியைக் கரைக்க மாசி மாதம் இராமேசுவரம் போய் வந்தேன். இப்படிப் போகவேண்டிய நிலைமை மற்றவர்களுக்கும் வரும். அவர்களுக்கு வழி தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

பம்பாயில் காய்ச்சலில் நீ போனபோது கொள்ளி வைத்த, உன்னோடு கம்பெனியில் வேலை பார்த்த வரதன் தம்பிதான் கலயத்தோடு வந்தார். உன் அய்யாவும் இல்லையே, வேறு யார் வருவார்கள்? இராமநாதபுரத்தில் காலை ஏழு மணிக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. மண்டபம் தாண்டிப் பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை சுற்றும்.

பாலத்தில்தான் உன் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டேன். கணக்குப் போடுகிற மிஷினாம். அதற்கு வேலை சொல்ல ஒரு மொழியாம். அந்த மொழியையும் கம்பெனியே உண்டாக்கி, ஓட்டை போட்ட அட்டைகளாக அடுக்கி, மிஷின் வாங்கினவர்களுக்கெல்லாம் அனுப்புமாம். அதில் ஒரு பகுதி நீ எழுதியதாம். யாரும் வாயால் பேசாத மொழிக்கு ஒரு கம்பெனி எதற்கு? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் மிஷின் போகிற ஊரிலெல்லாம் நீ இருப்பாய் என்று தோன்றியது. அந்தத் தைரியத்தில்தான் உன்னைக் கடலில் விட மனம் துணிந்தது.

ஸ்டேஷனிலிருந்து கோயில் ஒரு மைல். குதிரை வண்டிக்கு எட்டணா. வண்டிக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மிஷினுக்குப் பேச்சு விக்கிறாகளா? எங்குதிரைக்கு ஒண்ணு வாங்கித் தாங்க தம்பி. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

"விக்கலண்ணே, மிஷினோட சும்மாதான் குடுக்கிறோம்," என்றார் வரதன். "அப்பப்பப் புதுசு வரும். பழசத் தூக்கிப் போடச் சொல்லிருவோம்."

அக்னி தீர்த்தத்தில் ஐயர் என் மடியிலிருந்த கலயத்தைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.

"தம்பி, இவன் எழுதுனதையும் தூக்கிப் போட்டிருவீகளா?"

வரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார். "புதுசு அனுப்பியாச்சும்மா. அதுலயும் இவன் எழுதினது அப்படியே இருக்கு. எங்களுக்கு அது முழுசாப் புரியல. தொட்டா மத்ததும் நின்னுருது. அதான் விட்டுட்டோம்."

"நேரமாகுதும்மா," என்றார் ஐயர். கலயத்தை வரதன் கையில் கொடுத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கரைத்தார்.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் கரைத்துவிடுங்கள். மாற்றுத்துணி எடுத்துப்போங்கள். சடங்குக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அப்புறம் பேச வாய் வராது.

கருவாயா, நீ எழுதினது புதுசிலும் இருப்பதற்கு நான் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. அவுகளுக்குத்தான் புரியலையா, இல்ல நீ புரியுறாப்புல எழுதலையா?