வவுனியாவரை ஒரு பின்னிருக்கை

ஒரு பொருளைக் கொள்வனவு செய்யும் முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். அரச அலுவலகமொன்றில் கொள்வனவுப் பிரிவை முப்பது வருடம் நடத்திய எனக்கு இந்த விதி தூக்கத்திலும் தெரியும். கருத்துக் கேளாமல் கதிரை வாங்கியவர்களிடம் விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பியவன் நான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்பட்டபோது, அந்த விதி என் நினைவுக்கே வரவில்லை. கடிதம் அனுப்பும் பக்கத்திலேயே இருந்தவனுக்கு, அதைப் பெறும் பக்கம் ஒன்று இருப்பது மறந்துபோகும்.

வவுனியாவில் என் மனைவியின் தங்கை வீடு கட்டி முடித்திருந்தாள். பால் காய்ச்சும் நாளும் குறித்தாயிற்று. கண்டியிலிருந்து ஏ-9 வீதியைப் பிடித்தால் நேரே வவுனியா. மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வேன் பேசிவிடலாம் என்றார். மச்சான் பேசும் வேன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பதினொரு பேர், இரண்டு சட்டி சோறு, ஆளுக்கொரு வாந்திப் பை, தம்புள்ளைவரை ஒரே பாட்டு. கல்யாணமான நாளிலிருந்து நானும் மனைவியும் மட்டுமாக எந்தத் தூரப் பயணமும் போனதில்லை. ஒரு தடவையாவது போக வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், மோட்டார் சைக்கிளில் போனால் பெற்றோல் மிச்சம் என்று அவளிடம் சொன்னேன்.

"பைக்லயா?" என்றாள். "இடுப்பு வலிக்காம இருந்தா வர்றேன். வலிச்சுச்சுன்னா வேன்தான்."

இருபது வருடம் என்னை அலுவலகத்துக்குச் சுமந்த பழைய மோட்டார் சைக்கிள் எங்கள் வீடிருக்கும் ஹந்தானை ஏற்றத்துக்குப் பழகியது. ஆனால் மாத்தளை தாண்டினால் கை விறைத்துப் போகும். இருக்கை பலகை மாதிரி. ஆகவே புதியது வேண்டும். என்னென்ன வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். முழங்கால் மடியவும் கூடாது, நீளவும் கூடாது. மணிக்கு எழுபது கிலோமீற்றரில் போகும்போது கைப்பிடி நடுங்கக் கூடாது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு கடையில் இந்தத் தாள்களை நீட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார்.

"சேர் பைக் வாங்க வந்தீங்களா, ஒடிட் பண்ண வந்தீங்களா?"

மூன்றைக் காட்டினார். முதலாவது பந்தயக்காரருக்கானது. ஏறி உட்கார்ந்தால் பெற்றோல் தாங்கியைக் கும்பிட வேண்டியிருந்தது. பின்னிருக்கையோ சுவரில் ஏறிய கோழிக்குப் போதுமானது. இரண்டாவது ஸ்கூட்டர். இருக்கை மெத்தை போல இருந்தாலும் சில்லு சின்னது. வீதியிலுள்ள ஒவ்வொரு குழியும் தன்னைத் தனித்தனியே அறிமுகம் செய்துகொண்டது. மூன்றாவது தாழ்வாகவும் நீளமாகவும் இருந்தது. சாய்மனைக் கதிரைக்குச் சில்லு பூட்டியது போல.

பின்னிருக்கையைச் சோதிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மனைவி அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மச்சான் சும்மா இருந்தார். மச்சான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்ணூறு கிலோவுக்கு மேல்.

"உக்கார ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே?" என்று வந்து சேர்ந்தார்.

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார், மூன்றாவது சைக்கிளைப் பார்த்தார், ஸ்பானரை எடுத்துப் பின் சில்லின் ஸ்பிரிங்குகளை இறுக்கினார். 'வாடிக்கையாளர் கவனிப்பு நன்று' என்று என் தாளில் குறித்துக்கொண்டேன்.

தெல்தெனியவுக்கு விட்டோம். வழியில் திகனயைத் தாண்டினோம். "எப்படி மச்சான்?" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் ஹெல்மட் என் ஹெல்மட்டில் டொக்கென்று மோதியது. மனிதர் தூங்கிவிட்டார். சௌகரியத்துக்குப் பத்துக்குப் பத்து.

தெல்தெனியவில் தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "மச்சான், நம்ம டிப்போ பஸ்லகூட நான் இப்படித் தூங்கினதில்ல."

"நீங்க டிரைவர், மச்சான்."

"அதத்தான் சொல்றேன்."

மூன்றாவதை வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு மனைவி ஏறினாள். அவள் நாற்பத்தெட்டுக் கிலோ. ஸ்பிரிங் மச்சானுக்காக இறுக்கியது இறுக்கியபடியே இருந்தது. முதல் வேகத் தடையில் ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவதில், எனக்குப் பின்னாலிருந்த பாரம் சற்று நேரம் இல்லாமல் போய், பிறகு திரும்பி வந்தது. மூன்றாவதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. கீழே பெரிய வீதி வந்ததும் தோளில் தட்டினாள். இறங்கினாள். ஹெல்மட்டைக் கழற்றி இருக்கையில் வைத்தாள்.

"இதுல யார உக்கார வெச்சுப் பாத்தீங்க?"

"அண்ணனை."

சிரித்தாள். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கடைக்காரர் ஐந்தே நிமிடத்தில் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். "அந்தப் பெரியவரத்தான் ஏத்திட்டுப் போகப் போறீங்கன்னு நெனச்சேன் சேர்."

சைக்கிள் சரியாகிவிட்டது. மனைவி சரியாகவில்லை. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "பாப்போம்" என்றாள். அந்த வார்த்தையின் பொருள் எனக்குத் தெரியும். விலைமனுவோடு என் மேசை முன் வரிசையில் நின்றவர்களுக்கு முப்பது வருடமாக நான் சொன்ன வார்த்தை அது.

வேறு வழியில்லாமல் கடிதம் எழுதினேன். விடயம்: பின்னிருக்கை தொடர்பில் தங்களது கருத்தைக் கோரல். கருத்து உரிய வேளையில் பெறப்படாமைக்கு வருந்துகிறேன். ஸ்பிரிங்குகள் தளர்த்தப்பட்டுள்ளன. பெற்றோல் மிச்சம் என்று முன்னர் கூறிய காரணம் உண்மையானதன்று; உங்களோடு தனியாகப் போக விரும்பியதே காரணம். பதினான்கு நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதை அவள் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன்.

அன்று மாலை கடிதம் என் மேசைக்குத் திரும்பியது. இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். பதில் இல்லை.

பிழைகளைத் திருத்தி மறுபடி வைத்தேன். பதினான்கு நாட்கள் கழிந்தன. நினைவூட்டல் கடிதம் ஒன்றும் அனுப்பினேன். இதற்குள் மச்சான் வேனுக்கு முற்பணம் கட்டிவிட்டு அழைத்தார். "மச்சான், ஒங்களுக்கு முன் சீட் போட்டிருக்கேன். வாந்தி வராது." பால் காய்ச்ச நாலு நாள்தான் இருந்தது. நான் வாந்திப் பையைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தேநீர்க் கோப்பைக்குக் கீழே, கணக்குக் கொப்பியில் கிழித்த ஒரு தாள் இருந்தது. 'கடிதமும் நினைவூட்டலும் கிடைத்தன. மாத்தளைவரை வருகிறேன். அங்கே இறங்கி, இடுப்பைக் கேட்டு, மீதி வழியை முடிவு செய்வேன். தனியாகப் போக வேண்டும் என்பதை வாயால் சொல்லியிருந்தால் அப்போதே ஏறியிருப்பேன்.'

கையெழுத்து இருந்தது. திகதி இல்லை. திகதியில்லாத பதிலைக் கோப்பில் சேர்க்க முடியாது என்பதால், கிடைத்த நாளை நானே மூலையில் குறித்தேன்: பெப்ரவரி பத்தொன்பது.