ஒரு வாய்த் தண்ணீர்

எங்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வரக்கூடாது. நான் போட்ட சட்டம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் ஒரு சொட்டு தெறித்தாலும் சாயம் திட்டாக நின்றுவிடும், புடவையே பாழ். இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். சேவூரில் இருந்தோம். ஒரு முகூர்த்தப் புடவை தறியில் இருந்தது. நான் நடுவில் நெய்ய, என் மனைவி வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைப் பாவுக்கு ஊடே தள்ளுவாள். அவள் இல்லாமல் ஓர் அங்குலம் நகராது. அந்த வாரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல், நெஞ்சு நிறையச் சளி.

ஆரணியில் டாக்டரிடம் காட்டினோம். "அஞ்சு நாள் ஊசி போட்டுடலாம். இடுப்புல" என்றார்.

"ஊசி வேணாங்க. இடுப்புல குத்தினா அப்புறம் எப்டிங்க பலகைல உக்காந்துகினு வேலை செய்யறது? மாத்திரையா குடுத்துடுங்க" என்றேன். குத்துவது அவள் இடுப்பில். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாக்டர் அரைமனதாக கேப்சூல் எழுதிக்கொடுத்தார். "சாப்பிட்டப்புறம், ஒரு முழு டம்ளர் தண்ணியோட முழுங்கணும்" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

வேளை வந்தால் அவளைப் பலகையை விட்டு எழுப்ப மனம் வராது. கேப்சூலைக் கையில் கொடுத்து, பாவில் சிந்திவிடுமோ என்று டம்ளரை நானே பிடித்துக்கொண்டு, ஒரு வாய் மட்டும் குடிக்க விட்டு வாங்கிவிடுவேன். "போதும், ஜல்தி முழுங்கு" என்பேன். மூன்றாம் நாள் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "இங்கியே நின்னுகினு எரியுதுங்க" என்றாள். "கேப்சூல்னா அப்டித்தான் இருக்கும்" என்றேன். பெரிய மருத்துவன் நான்!

நெய்து முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்த அன்று அவளுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்தது. மறுபடி டாக்டரிடம் ஓடினோம். கேப்சூல் வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்ணாக்கியிருக்கிறது என்றார் அவர்.

"நான் சொன்ன மாதிரி முழு டம்ளர் குடிச்சியாம்மா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "இவுரு குடுத்தாருங்க. எனக்குத்தான் எறங்கல" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கடைசியில் நான் வேண்டாம் என்ற அதே ஊசி, அதே இடுப்பில், ஐந்து நாள். புண்ணுக்கு வெள்ளையாக ஒரு திரவ மருந்து, வேளைக்கு இரண்டு ஸ்பூன். பதினைந்து நாள் ஆறிய கஞ்சியைத் துளித்துளியாகக் குடித்தாள்.

அவள் தேறி மறுபடி தறிக்கு வந்த அன்று, டாக்டர் கடைசியாக எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையில் ஒன்று பாக்கி இருந்தது. நானே ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில், பாவுக்கு அருகிலேயே வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

அவள் பதறிப்போய்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கேயே நின்று மாத்திரையை விழுங்கி, வாயையும் கையையும் முந்தானையில் துடைத்து, ஈரம் இருக்கிறதா என்று விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க நீங்க, நூல் மேல தெறிச்சிருந்தா இன்னா ஆவறது?" என்றாள்.