எதிர் முக்காலி

மேஸ்திரி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்தான். ஆனால் தகட்டைத் தடவிப் பார்த்தே கனம் சொல்வார். படித்த பிள்ளைகள் அளவுகோலைத் தேடி எடுப்பதற்குள் இவர் பாதி வேலையை முடித்துவிடுவார். "யார் தயவும் இல்லாம ஒண்டியாளா மேல வந்தவன் நான்" என்று டீக்கடையில் நாளுக்கு நாலு தடவை சொல்லிச் சொல்லி, தெருவில் அவருக்கு ஒண்டியாள் என்றே பேராகிவிட்டது. அதையும் பட்டம்போலச் சூடிக்கொண்டார்.

திரைச்சீலைக் கம்பியின் முனையில் பளபளக்கும் பித்தளைக் குமிழ் அவர் கைவேலை. காய்ச்சி ஆறவிட்ட வட்டத் தகட்டைக் குழியச்சின் மேல் வைத்து, இரும்புக் குண்டு மாட்டிய கைப்பிரஸின் பிடியை ஒரே வீச்சாக வீச வேண்டும். உருண்டை முனைப் பஞ்ச் இறங்கும். தகடு கிண்ணமாகக் குழியும். இரண்டு கிண்ணம் ஒட்டினால் ஒரு குமிழ்.

வீசுவது அவர். தகடு வைப்பது, எதிர் முக்காலியில் உட்காரும் மனைவி. விரலை எடுத்ததும் மோதிரத்தால் மேசையில் ஒரு தட்டு தட்டுவாள். அந்த 'டொக்' கேட்காமல் முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் அவர் கை வீசியதில்லை. அவளுடைய பத்து விரலும் பத்திரம்.

மகளின் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போனாள். மூன்று மாதம் ஏழாகிவிட்டது. "அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமாப்பா?" என்று மகள் கேட்டபோது, "எனக்கென்ன, ஒண்டியாளா வந்தவன்தானே" என்று வாயை விட்டுவிட்டார். விட்ட வாயால் கூப்பிட மனம் வரவில்லை.

இப்போது தகட்டையும் அவரே வைத்தார். பிடியை அவரே பிடித்தார். ஆனால் காது எதற்கோ காத்திருந்தது. கை தயங்கித் தயங்கி வீசியது. அரைகுறை வீச்சில் கிண்ணத்தின் விளிம்பெல்லாம் சுருக்கம்.

சரக்கெடுக்க வந்த கடைக்காரர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, குமிழ் கேட்டா உங்க முகத்தையே அச்செடுத்துக் குடுத்திருக்கீங்க?"

"தகடு சரியில்ல."

"சனிக்கிழமைக்குள்ள நல்லதா வரலேன்னா, வேற இடம் பாத்துக்கறேங்க."

கடைக்காரர் போனார். கொஞ்ச நேரத்தில் செல்போன் அடித்தது, மனைவிதான். போனை எதிர் முக்காலியில் சாய்த்து வைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. வேலை பறக்குது இங்க. ஒண்டியாளா…" அதற்கு மேல் வரவில்லை. "எப்ப வர்றே?"

"இதைக் கேக்க ஏழு மாசமா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வேலை ஓடலையா?"

"கை வீச மாட்டேங்குது. நீ தட்டாம…"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். "தகட்டை வைங்க. விரலை எடுத்தாச்சா?"

"ஆச்சு."

டொக்.

வீசினார். கிண்ணம் சுருக்கமில்லாமல் நிலாப்போல வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தகட்டை வைத்தார். அங்கே குழந்தை வீறிட்டது. "அடுத்த மாசம் வந்துடறேங்க, இருங்க" என்றாள், போன் அணைந்துவிட்டது.

விரலை எடுத்துவிட்டு, பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.