செவ்வாய்க்கிழமை ஊழியம்

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, அட்டைப்பெட்டியின் வாயை ஒட்டி, காதில் செருகியிருந்த மார்க்கரை எடுத்து ‘இன்னிக்கே’ என்று எழுதுகிறார். அடுத்த பெட்டிக்கு ‘நாளைக் காலை’. அதற்கடுத்ததற்கு ‘பொறுமையா’. வீடு மாற்றிக் கொடுக்கும் மற்றவர்கள் பாத்திரம், புத்தகம், துணி என்று பெட்டிமேல் எழுதுவார்கள். உள்ளே இருப்பது எப்போது வேண்டும் என்று எழுதுவதுதான் இவர் வழக்கம். குழந்தையின் தலையணை, மாத்திரைச் சீட்டு, பள்ளிக்கூடப் பை எல்லாம் ‘இன்னிக்கே’. கல்யாண ஆல்பத்துக்குத் தனிப் பெட்டி. அதில் ‘எப்பவாவது’ என்று எழுதி, டேப்பை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுவார்.

வயது ஐம்பத்திரண்டு. நிலைப்படிகளுக்குக் குனிந்து குனிந்தே கொஞ்சம் வளைந்துபோன உயரம். லாரியும் ஆட்களுமாக ஊராருக்கு வீடு மாற்றிக் கொடுப்பது பிழைப்பு. செவ்வாய்க்கிழமை மட்டும் வேறு. அடி தாங்க முடியாமல் வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண்களை, கணவன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பெட்டி படுக்கையோடு கூட்டிப்போய் வேறிடத்தில் சேர்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கணவனுக்குப் போன் போட்டு, அவன் வந்து சேர எப்படியும் நாற்பது நிமிஷம் ஆகும். அதற்குள் லாரி கிளம்பிவிட வேண்டும். அந்தப் பெண்களின் போனில் அவர் பெயரே ‘நாப்பது நிமிஷம்’.

“அதென்ன செவ்வாய்க்கிழமை?” என்று போதகர் ஒருமுறை கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை கர்த்தருக்கு ஆள் நிறைய இருக்கு ஐயா. செவ்வாய்க்கிழமைதான் பத்தல.”

இந்த ஊழியத்துக்கு அவர் நேர்வழியில் வந்து சேரவில்லை. கடவுள் தன்னை ஏதோ ஒன்றுக்காக அழைத்திருக்கிறார் என்று இருபது வருஷம் நம்பினார். எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை. பிரசங்கம் செய்து பார்த்தார். முதல் நாளே முன்வரிசையில் மூன்று பேர் தூங்கினார்கள், அதில் ஒருவர் அவர் மனைவி. “நீங்க பேசினா மனசுக்கு ஒரு சமாதானம் வருதுங்க, அதான் கண் அசந்துட்டேன்” என்று சமாளித்தார் அந்த அம்மா. பாடகர் குழுவில் சேர்ந்தார். ஒரே வாரத்தில், “அண்ணன் நாற்காலி அடுக்குங்க” என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள்.

பிறகு ஒருநாள், எப்போதும்போல ஒரு வீடு மாற்றும் வேலை. கையில் கட்டுப் போட்டிருந்த பெண் ஒருத்தி வாசலையே பார்த்தபடி கேட்டாள்: “அண்ணே, அவர் வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?” முடித்தார். லாரி தெருமுனை திரும்பியதும் அவள் முன்சீட்டில் அப்படியே தூங்கிப்போனாள்.

“நான் பிரசங்கம் பண்ணாமலே ஒருத்தங்க நிம்மதியா தூங்கினது அன்னைக்குத்தான்” என்பார். “எனக்குக் கர்த்தர் குடுத்தது வாய் இல்ல, தோள். அது தெரியாம இருபது வருஷம் தொண்டையைச் செருமிக்கிட்டே இருந்திருக்கேன்.”

இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லுங்களேன் என்று போதகர் கேட்டார். “சொன்னா அட்ரஸ் வெளியே போயிடும் ஐயா” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

கிளம்பும் பெண்களிடம் காரணம் கேட்க மாட்டார். ஜெபம் படியேறும்போதே நடந்துவிடும். முழங்கால் போட நேரமில்லை. அவரோடு வருவது மனைவியின் தம்பி. வேலையில் புலி, வாய் அதைவிடப் பெரிய புலி. கிளம்பும் நேரத்தில் சில பெண்களுக்குக் கால் எழாது. “துணி ஊறப்போட்டிருக்கேண்ணே” என்று ஒருத்தி குளியலறையில் நின்றுவிட்டாள். “பைபிள்ல அடிமைப்பட்டுக் கிடந்த ஜனம் விடுதலையாகிக் கிளம்பினப்போ, பிசைஞ்ச மாவு புளிக்கட்டும்னு உக்காந்திருந்துச்சாம்மா? பக்கெட்டோட தூக்கு, அங்க போய் அலசிக்கலாம்” என்றார் இவர். மைத்துனர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அவருக்கு இரண்டு சட்டம் உண்டு. கணவனுடைய பொருள் ஒரு குண்டூசிகூட லாரியில் ஏறக்கூடாது. காலி செய்த வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது. போனால் பின்தொடர்ந்து வந்துவிடுவார்கள், புது முகவரி போச்சு. போன செவ்வாய்க்கிழமை இந்த இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

மூன்றாவது மாடி வீடு. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, ஆறு வயது மகள். முப்பத்தேழு நிமிஷத்தில் முடிந்தது. புது வீட்டில் டீச்சர் ‘இன்னிக்கே’ பெட்டியைப் பிரித்தாள். மகளின் சீப்புக்கும் துண்டுக்கும் நடுவில் நீல நிறத்தில் ஒரு இன்ஹேலர். கணவனுடையது.

எல்லோரும் மைத்துனரைப் பார்த்தார்கள். “கட்டில் பக்கத்து டிராயரைத் திறந்தேன். திறந்த டிராயரைக் காலி பண்ணாம மூடினதே இல்ல மாமா. கை பழகிப்போச்சு.”

“வேற ஒண்ணு வெச்சிருக்காராம்மா?”

“இல்லண்ணே. மூணு மாடி ஏறி வந்ததும் அதைத்தான் தேடுவார்.” டீச்சர் இன்ஹேலரைப் பெட்டிக்குள்ளேயே போட்டாள். “தேடட்டும். எனக்கு ஏழு வருஷமா மூச்சு முட்டுச்சு. அவருக்கு ஒருநாள் முட்டட்டும்.”

அவர் குனிந்து அதை எடுத்து, துண்டில் துடைத்தார்.

“மாமா, வேணாம்” என்றார் மைத்துனர். “சிங்கத்து வாயிலிருந்து ஆட்டைப் பிடுங்கிட்டு வந்து, அதுக்குப் பல்லு குத்தக் குச்சி குடுக்கத் திரும்பிப் போவியா?”

“இவங்க பொருளை எடுக்கத்தான் போனோம் மாப்ள. அவன் மூச்சை எடுக்கப் போகல.” பிறகு டீச்சரைப் பார்த்தார். “உன் கோபத்துல தப்பே இல்லம்மா. ஆனா இது நாங்க பண்ண தப்பு. நான் சரி பண்ணிட்டு வந்திடறேன். உன் அட்ரஸ் என் தலை போனாலும் வெளியே வராது.”

டீச்சர் கைப்பையைத் துழாவி அந்த வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“அப்படின்னா இதையும் அங்கேயே போட்டுட்டு வாங்க. இனிமே எனக்கு வேண்டாம்.”

லாரியை யாராவது அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று பஸ்ஸில் போனார். கணவன் வீடு திரும்ப ஆறு மணியாகும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அவர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. டிராயரில் வைத்துவிட்டு, பூட்டி, சாவியைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வந்துவிடலாம். இந்த முறை யார் கண்ணிலும் படவில்லை என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னல்காரர் ஏற்கெனவே கணவனுக்குப் போன் போட்டிருந்தார்.

இரண்டாவது மாடி தாண்டும்போதே சத்தம் கேட்டது. விசில் ஊதுவதுபோல ஒரு மூச்சு. மேல் படியில் கணவன் உட்கார்ந்திருந்தான், தோள் இரண்டும் ஏறி இறங்க. பின்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே அத்தனை டிராயரும் தரையில். சுமையில்லாமல் படியேறிப் பழக்கமில்லாத மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவினார். இன்ஹேலரைக் குலுக்கி அவன் வாயில் வைத்து அழுத்தினார். இன்னொரு தரம். விசில் கொஞ்சம் தணிந்தது. சாவியை அவன் பக்கத்தில் வைத்தார்.

கணவன் சாவியைப் பார்த்தான். இன்ஹேலரைப் பார்த்தான். கை பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தது.

“நீதானா? எங்கடா அவ?”

“சொல்ல மாட்டேன் தம்பி.”

“கொன்னுடுவேன்!”

“சரி. முதல்ல மூச்சை நிதானமா விடுங்க.”

“அட்ரஸைச் சொல்லுடா!”

“அது மட்டும் வராது. இன்னொரு தடவை இழுங்க.”

காலர் இறுகியது. பொத்தான் ஒன்று தெறித்துப் படிப்படியாகத் தாவிக் கீழே போனது. அதற்குள் இருமல் அவனைப் பிடித்து உலுக்கியது. பிடியை விடாமலே முன்பக்கமாகச் சரிந்தான். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. கழுத்தை அவன் பிடியிலேயே விட்டுவிட்டு, கண்ணாடி பதித்த அலமாரியைப் படியில் இறக்கும்போது பிடிப்பதுபோல, ஒரு உள்ளங்கையை அவன் முதுகுக்கு விரித்து அண்டக்கொடுத்து, மெல்ல நிமிர்த்தி, அவன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.