அப்பாவின் நூலகமும் எங்கள் ஒரு ஏக்கரும்

அப்பா ஜவ்வாது மலைக்காரர். மலை மக்களிடமிருந்து பறிபோன நிலங்களை மீட்க ஆயுசு முழுக்க மனு எழுதியவர். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஒரு ஏக்கருக்கு மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, ஆரணிப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தது.

அவருடைய காகிதங்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள்.

"அந்த ஒரு பத்திரத்த மட்டும் குடுக்காதடி," என்றாள் அம்மா. அரசு அந்த நிலத்தைத் தாத்தாவுக்கு ஒப்படைத்ததற்கு இருந்த ஒரே சாட்சி அது.

"கண்ணாடி பீரோல வெப்பாங்கம்மா, கரையான் வராது," என்று பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். ஆரணியில் பட்டுக் கடையொன்றில் புடவையை விரித்துப் பழுது கண்டுபிடிப்பதுதான் எனக்கு வேலை. கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

இந்த வருடம் வேறொருவர் அந்த நிலம் தன்னுடையது என்று கிளம்பினார். தாலுகா அலுவலகத்தில் விசாரணை, அசலோடு வரச் சொன்னார்கள். நூலகர் நல்ல மனிதர். கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரத்தை இரண்டு நாளுக்குக் கொடுத்தார்.

"ஐயாவோட எழுத்து ஒண்ணுகூட அழியக் கூடாதுன்னு எல்லாத்தையும் லேமினேஷன் பண்ணிட்டோம்மா," என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னேன்.

அதிகாரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேமினேஷன் பண்ண அசல நாங்க வாங்கறதில்லிங்க. மையும் சீலும் நெசமான்னு எப்படிப் பாக்கறது?"

பிளேடால் கீறிப் பிரிக்கலாமா என்றேன். எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்துவிடும் என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "லைப்ரரி தொறப்பு விழாவுக்கு நானும் வந்திருந்தேன். என்னா மனுஷன்! ஐயா மட்டும் இருந்திருந்தா..." என்றார்.

அம்மாதான் பேசினாள்.

"இருந்திருந்தா இந்த வாசப்படியிலதான் மனுவ வெச்சிகினு நின்னிருப்பாரு. செத்துப் போனதாலதான் உங்களுக்கு மனுஷனாத் தெரியறாரு."

அதிகாரி பத்திரத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். பழைய பதிவேட்டிலிருந்து நகல் கேட்டு மனு கொடுக்கச் சொன்னார். அடுத்த விசாரணைக்குள் நகல் வராவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நூலகத் திறப்பு விழாவில் அப்பாவின் பெண் என்று மேடையேறி மாலை வாங்கியவளுக்கு அதுதான் முதல் மனு. அழுகையோடு எழுதியதில் மூன்று தாள் வீணானது. அம்மா நான்காவது தாளை எடுத்து நீட்டினாள்.