ஸ்டெல்லா எழுந்து நின்ற நாள்

உலு திராமில் காருக்கு டயர் மாற்றக் காத்திருந்தபோது மாலாவின் அழைப்பு வந்தது. எங்கள் பழைய தொழிற்சாலையில் டின்களைப் பெட்டியில் அடுக்கும் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் அவர். "மிஸ்டர் குணா, ஸ்டெல்லா போய்ட்டாங்க. காலையில செபம் சொல்ல உட்கார்ந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அவர் கார் சாவியை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஸ்டெல்லாவை அறிந்த உங்களில் பலருக்கு அவர் தேவாலயப் பாடகர் குழுவின் ஓங்கிய குரல். எனக்கு அவர் பதினோரு ஆண்டுகள் பக்கத்து அறையில் இருந்தவர். பெக்கான் நானாஸுக்குச் சற்றுத் தள்ளி இருந்த எங்கள் அன்னாசித் தொழிற்சாலையில் நான் உற்பத்தி மேலாளர். அவர் சமூகத் தொடர்பு அதிகாரி. சி.எஸ்.ஆர். என்று எல்லாரும் சொல்லும் நிறுவனச் சமூகப் பொறுப்பு அவருடைய வேலை. பெருநாளுக்குப் பரிசுக்கூடை, பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, கையில் மாதிரிக் காசோலையோடு ஒரு புகைப்படம். அந்த வேலை அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். "உங்க டிபார்ட்மென்டுக்கு ஒரு கேமரா போதும்லா" என்று கேலி செய்வேன். "போதும்னா என்னை எதுக்கு வச்சிருக்காங்க, மிஸ்டர் குணா?" என்று சிரிப்பார்.

அவர் எல்லாவற்றிலும் சிறந்தவர் என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். அறிக்கைகளைக் காலத்தில் தரமாட்டார். கூட்டங்களுக்குத் தாமதமாக வருவார். பிடிவாதக்காரர். ஒரு பெருநாளின்போது, தொழிற்சாலையை ஒட்டியிருந்த கம்பத்துக்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்கு, கொண்டுபோன பரிசுக்கூடைகளில் மூன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமீது வைத்தார். "வேண்டாம்னு யாரும் சொல்லல. உள்ள கூப்பிட்டு உட்கார வச்சாங்க. உடனே கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டாங்க. நாத்தம், மிஸ்டர் குணா. எனக்குக் கொடுக்க வெக்கமா போச்சு."

அந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அறுவடை உச்சத்தில் இருக்கும்போது எங்கள் கழிவுநீர்க் குளம் தாங்காது. மழை வரும் நாளாகப் பார்த்து வால்வைத் திறந்து, கம்பத்தின் ஓரமாகப் போகும் வாய்க்காலில் விட்டுவிடுவோம். திறக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தது நான்தான்.

அடுத்த சில வாரங்களில் கம்பத்துப் பொதுமண்டபத்துக்கு நாங்கள் கணினிகள் வழங்கும் விழா நடந்தது. முதலாளி மிஸ்டர் லியோங் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கம்பத்துக் குழுவின் தலைவர் ரஹ்மான். எல்லாருக்கும் பாக்சிக் ரஹ்மான், அதாவது ரஹ்மான் மாமா. அவர் நன்றி சொல்லி முடித்துவிட்டு, ஒலிவாங்கியை விடாமல் மலாயில் தொடர்ந்தார். "ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டர் வச்ச ரூமுக்கு நாலு ஜன்னல் இருக்கு. ஒண்ணையும் திறக்க முடியல. அந்த வாய்க்கால் தண்ணி யாரோடது?"

நிகழ்ச்சி நடத்தியவர் ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினார். அதற்குள் ஸ்டெல்லா எழுந்து நின்றார். "எங்க தண்ணிதான், பாக்சிக். நீங்க கேட்டது நியாயம். மூணு மாசம் கொடுங்க" என்றார்.

அப்படிச் சொல்ல அவருக்கு யாரும் அனுமதி கொடுத்திருக்கவில்லை. வால்வைத் திறக்கும் ஆள்களிடமே அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் முதலாளி என்னை அழைத்தார். அந்தத் தண்ணீர் நம்முடையது இல்லை என்று ஒரு பக்கத்துக்கு அறிக்கை வேண்டும் என்றார். அது கையில் இருந்தால், தெரியாத விஷயத்தைப் பொதுவில் பேசியதற்காக ஸ்டெல்லாவை வேலையைவிட்டு அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் எழுதினேன். மேலே இருக்கும் தோட்டங்கள், கனமழை, தேங்கிய இலைதழை என்று காரணங்களை அடுக்கினேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் ஸ்டெல்லா உள்ளே வந்தார். எப்படியோ தெரிந்திருந்தது. தாளை எடுத்து நின்றபடியே வாசித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"இங்கிலீஷ் நல்லா இருக்கு" என்றார். பிறகு தாளை மெதுவாக மேசைமீது வைத்தார். "இதைக் கொடுத்தா எனக்கு வேலை போகும். பரவால்ல, வேற தேடிக்குவேன். ஆனா அடுத்த சீசனும் அந்த வால்வை நீங்கதானே திறக்கச் சொல்லணும்?"

அவர் போன பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தாளைக் கிழித்துவிட்டு முதலாளி அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மூன்று சீசனாக நடக்கிறது என்றதும் அவர் போட்ட சத்தம் கீழே இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டதாகப் பின்னால் மாலா சொன்னார். ஸ்டெல்லாவும் அழைக்கப்பட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"பாஸ், நம்ம லைன்ல நிக்கிற பொம்பளைங்கள்ல பாதிப் பேர் அந்தக் கம்பத்துக்காரங்க. அவங்க வீட்டு ஜன்னலை நாம மூட வச்சிட்டோம். சிங்கப்பூருக்கு ஆள் ஏத்துற பஸ் தினமும் நம்ம கேட்டைத் தாண்டித்தான் போகுது. அவங்க ஏன் நமக்காக இங்க இருக்கணும்? கம்ப்யூட்டர் அப்புறம் கொடுக்கலாம். கெடுதல் பண்றதை முதல்ல நிறுத்தணும்."

முதலாளி சுவரில் இருந்த நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "மூணு மாசத்துல முடியுமா, குணா?" என்று என்னைக் கேட்டார். அவர்மீது எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

மூன்று மாதத்தில் முடியவில்லை, ஐந்து ஆயிற்று. இரண்டாவது குளம் வெட்டினோம். தோலையும் சக்கையையும் மாட்டுப் பண்ணைகளுக்கு அனுப்பினோம். தாமதமான ஒவ்வொரு மாதமும் ஸ்டெல்லா பொதுமண்டபத்துக்குப் போய், எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று நின்று சொன்னார். ஒரு முறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நன்றாகத் திட்டு வாங்கினோம். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

இதனால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். எனக்கு ஒரு மழைநாள் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு இறுதியில் இரண்டு நாள் விடாமல் பெய்து, மதிய நேரத்தில் தண்ணீர் எங்கள் கிடங்கின் பின்சுவரைத் தொட்டது. ஏற்றுமதிக்குத் தயாரான சரக்கு முழுவதும் உள்ளே இருந்தது. நாங்கள் பத்துப் பேர் மணல் மூட்டைகளோடு தடுமாறிக்கொண்டிருந்தபோது கம்பத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் இருபது முப்பது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். முன்னால் பாக்சிக் ரஹ்மான். அவர்கள் வாய்க்காலின் அடைப்பை வெட்டிவிட, இருட்டுவதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. "யார் கூப்பிட்டது?" என்று முதலாளி என்னைக் கேட்டார். யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், பெரிய ஒப்பந்தம் போடுமுன் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். விழாப் படங்கள் மாட்டிய சுவருக்கு அவரை அழைத்துப்போக நாங்கள் தயாரானபோது ஸ்டெல்லா தடுத்தார். "கம்பத்துக்கு அனுப்புங்க, பாஸ். நாம கூட போக வேணாம். நாம நின்னா மரியாதைக்குப் பேசுவாங்க." வந்தவர் இரண்டு மணி நேரம் கழித்து, கையில் வாழைப்பழ வறுவலோடு திரும்பினார். நல்லதும் சொன்னார்களாம், குறையும் சொன்னார்களாம். குறை சொல்லவும் அவர்கள் பயப்படவில்லை என்பதுதான் தனக்குப் பிடித்தது என்று கூறி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன்பின் முதலாளி விருந்தினர்களிடம், "எங்க பெஸ்ட் சேல்ஸ்மேன் ஸ்டெல்லாதான்" என்று அறிமுகப்படுத்துவார். அது அவருக்குப் பிடிக்காது. "நான் எதையும் விக்கலயே, பாஸ்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

பொந்தியானில் இறுதித் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, மரத்தடியில் பாக்சிக் ரஹ்மான் நின்றிருந்தார். வயது எண்பதை நெருங்கிவிட்டது. பேரன் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தான். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டெல்லா மாதம் ஒரு முறை கம்பத்துக்கு வந்துகொண்டிருந்தாராம். எனக்கு அது தெரியாது. "வந்து உட்காருவாங்க. 'கம்பெனிமேல என்ன குறை?'னு கேப்பாங்க. நாங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்க. அப்புறம் நேரா ஆபீஸ் போய்ச் சொல்வாங்க" என்றார். கண்களைத் துடைத்துக்கொண்டு, "இனிமே யாரு கேப்பாங்க?" என்றார்.

"நான் வரேன், பாக்சிக்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது.

நானும் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. ஆனாலும் போன சனிக்கிழமை போனேன். பொதுமண்டபத்தில் ஆறு பேர் இருந்தார்கள். தொழிற்சாலை லாரிகள், சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்தின் வாசலில், தொழுகைக்கு ஆள்கள் கடக்கும் நேரத்தில்கூட வேகம் குறைப்பதில்லை என்றார்கள். ஓட்டுநர்களின் சிரமங்களைச் சொல்லலாம் என்று எனக்கு உடனே தோன்றியது. சொல்லவில்லை. கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு தொழிற்சாலைக்குப் போய், இப்போது மேலாளராக இருக்கும் பெண்ணிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார், திங்கட்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

கேட்பது, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, பிறகு போய்ச் சொல்வது. ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த மூன்றும்தான். மூன்றில் நடுவில் உள்ளதுதான் கடினம். அதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.