எங்கே வெட்டினாலும் குடம்

பத்திரிகையில் என் வேலைக்கு ஸ்டைலிஸ்ட் என்று பெயர். வீட்டு அலங்காரப் பக்கத்துக்குப் படம் எடுக்கும்போது எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவள். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் நான் செய்ததெல்லாம் ஒளிக்கிற வேலை. கூடத்தில் நிற்கும் ஃபிரிட்ஜை நகர்த்து, இரும்பு பீரோவை நகர்த்து, காலண்டரைக் கழற்று, டிவிக்குப் போட்ட பூப்போட்ட உறையை உருவு. எல்லாவற்றுக்கும் முன்னால் பிளாஸ்டிக் குடங்களை மொட்டை மாடிக்கு ஏற்று.

அந்த வருஷங்களில் மழை பொய்த்திருந்தது. எங்கள் பக்கத்தில் குடம் இல்லாத கூடமே கிடையாது. பம்மலில் எங்கள் வீட்டில் வாசலிலிருந்து அடுப்படி வரை பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று வரிசையாக நிற்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் அதை வாயில் வைக்க முடியாது. லாரியை நம்பித்தான் பிழைப்பு. காலையில் லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டு, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு ரயிலேறி ஆபீசுக்குப் போவேன். அங்கே எங்கள் ஆர்ட் டைரக்டர் சார், பட ஸ்லைடுகளை அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜைமேல் பரப்பிவைத்துக்கொண்டு, "மூலைல என்ன அது, குடமா? அசிங்கமா இருக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டையே அசிங்கம் என்று சொன்ன மாதிரி இருக்கும்.

ஒரு மாதம், நகரத்துக்குள் பேசிவைத்திருந்த வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப்போனது. பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்ப இரண்டே நாள். பீர்க்கன்கரணையில் இருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர், "எங்கள் புது வீட்டையும் படம் எடுப்பீர்களா?" என்று எப்போதோ எழுதிக் கேட்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. சாரிடம் சொன்னேன்.

"தாம்பரத்தத் தாண்டியா?" என்றார், ஏதோ கப்பலேறச் சொன்னதுபோல. வேறு வழி இல்லை. "சரி, உருளி கட்டாயம் வேணும். விளிம்பு வரைக்கும் தண்ணி, மேல ரோஜா இதழ். குடம் ஒண்ணுகூட கண்ணுல படக் கூடாது."

டீச்சருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆபீஸின் பித்தளை உருளியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். பக்கத்தில் இருந்த பெண், "இன்னாக்கா, எந்த வூட்ல கல்யாணம்?" என்று கேட்டாள். தண்ணீரில் பூ மிதக்கவிட என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம், கல்யாணம்தான் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு முன்பே போட்டோகிராஃபர் அண்ணா ஸ்கூட்டரில் வந்து கேமராவை நிறுத்தியிருந்தார். சின்ன வீடு. கூடத்துச் சுவருக்கு டீச்சரே பார்த்துப் பார்த்து அடித்த இளம் பச்சை. கிழக்கு ஜன்னல் பெரிதாக இருந்தது. டீச்சர் விடியற்காலையே எழுந்து நான் ஒளிக்க வேண்டியதை எல்லாம் ஒளித்துவைத்திருந்தார். காலிக் குடங்கள் மாடியில். ஃபிரிட்ஜை மட்டும் நகர்த்த முடியவில்லை என்று மன்னிப்பு வேறு கேட்டார்.

"இந்தப் படம் வரணும் மேடம்," என்றார். "எங்க வீட்டுக்காரரோட அண்ணனுங்க ரெண்டு பேரும், தண்ணி வராத காட்டுல கடன் வாங்கி வீடு கட்டுறா பாருன்னு சிரிச்சாங்க. புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்குக்கூட வரல. புத்தகத்துல வந்தா அவங்க பார்த்துத்தானே ஆகணும்?"

ரோஜா இதழ்கள் கொண்டுவந்த உருளியை ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். டீச்சர் அடுப்படிக்குப் போய், ஒரு குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கடைசியா லாரி எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"முந்தாநாளே வந்திருக்கணும். இன்னும் வரல. வீட்ல இருக்கறது இதுதான். பரவாயில்ல, ஊத்தறேன்."

அவர் குடத்தைச் சாய்க்கப் போனார். நான் உருளியைக் காலால் தள்ளினேன். ரோஜா இதழ்கள் தரையில் கொட்டின.

"சார் கேட்டா என்ன சொல்லுவ?" என்றார் அண்ணா.

"சாரே வந்து அவர் வீட்டுத் தண்ணிய ஊத்தட்டும்."

உருளியைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். அதைச் செய்யும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

ஜன்னல் வெளிச்சம் கூடத்துக்குள் இறங்க ஆரம்பித்தது. அண்ணா காத்திருந்தது அதற்குத்தான். சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஹாரன் சத்தம். நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, மாடிப்படியில் ஓடினோம்.

"யக்கோவ், இன்னா ஆடி அசைஞ்சு வந்துகினு கீறீங்க?" என்று லாரிக்காரர் கத்தினார். "அடுத்த தெருவுல ஒரே பேஜாரா கீது, சீக்கிரம் புடிங்கோ!"

அண்ணாவும் கேமராவை விட்டுவிட்டு இரண்டு கையிலும் குடம் தூக்கினார். லாரி போனபோது கூடம் முழுக்கக் குடங்கள். வாய்வரை தண்ணீர். நனைந்த தரையில் அவற்றின் பிம்பம் பச்சையும் ஆரஞ்சுமாக விழுந்து கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் பட்டு எதிர்ச் சுவரில் ஆடியது. அண்ணா கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"இப்படியே எடுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "வேணாம் மேடம். அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்."

நான் வற்புறுத்தவில்லை. அவர் வீடு, அவர் மானம். குடங்களை உள்ளே நகர்த்தலாம் என்று குனிந்தேன். டீச்சர் நிலைப்படியில் நின்று புடவைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே கூடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி வராதுன்னுதானே சொன்னாங்க?" என்றார். "ரொம்பி நிக்குதே. எடுங்க." முந்தானையால் ஒவ்வொரு குடத்தையும் துடைத்தார்.

அப்போதுதான் எனக்கு சாரின் கறுப்பு அட்டைகள் ஞாபகம் வந்தன. எந்தப் படம் போனாலும் 'ட' வடிவ அட்டை இரண்டை அதன்மேல் நகர்த்தி, பிடிக்காததை வெட்டித் தள்ளிவிட்டு மீதியைப் போடுவார். ஆகவே ஒரு குடத்தை இடது ஓரம் கதவருகே வைத்தேன். ஒன்றை வலது ஓரம். சோபாவின் இரு பக்கமும், ஜன்னலுக்குக் கீழே, நடுவில். ஃபிரிட்ஜ் மேல் ஒரு சின்ன நீலக் குடம். இப்படியும் அப்படியும் நின்று கண்ணாலேயே வெட்டிப் பார்த்தேன். எங்கே வெட்டினாலும் குடம்.

"இத மட்டும் எடுங்கண்ணா. குடம் இல்லாம ஒண்ணுகூட வேணாம்."

"வேல போயிடும்மா."

"போனா லாரிக்கு அவசரமில்லாம நிக்கலாம்."

அவர் சிரித்துக்கொண்டே பிலிம் முழுவதையும் அந்த ஒரே காட்சிக்குச் செலவழித்தார்.

மறுநாள் சார் விளக்கு மேஜைமேல் குனிந்து அட்டைகளை நகர்த்தினார். இடது பக்கம் தள்ளினார், பச்சைக் குடம். வலது பக்கம் தள்ளினார், ஆரஞ்சு. கீழ்ப்பாதியை மறைத்தார். ஃபிரிட்ஜ் மேலிருந்து நீலம் எட்டிப்பார்த்தது.

"வேற எதுவும் எடுக்கலையா?"

"இல்ல சார்."

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமா சார். வேணும்னேதான்."

அவர் என்னைத் திட்டினார், அண்ணாவைத் திட்டினார், பீர்க்கன்கரணையையும் விடவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும், கையில் வேறு வீடு இல்லை. படம் பக்கம் முழுக்க வந்தது.

படத்துக்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதி அவர் பழிதீர்த்துக்கொண்டார். 'கூடத்துக்கு வண்ணம் சேர்க்கப் பல நிறக் குடங்கள்: புதுமையான யோசனை!' படித்ததும் புத்தகத்தை மேஜையில் ஓங்கி அடித்தேன். வெயிலில் கால் கடுக்க நிற்பதும் புதுமையான யோசனைதானா? டீச்சருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"நானும் பார்த்தேன் மேடம்," என்றார். குரலில் கோபம் இல்லை. "மூணு புத்தகம் வாங்கினேன். ஒண்ணு எனக்கு. மத்த ரெண்டுலயும் அந்த வரிய சிவப்பு மையால அடிச்சிட்டு, தப்பைத் திருத்தி எழுதி, அவங்க ரெண்டு பேருக்கும் தபால்ல அனுப்பிட்டேன்."

"என்னன்னு திருத்தினீங்க?"

வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "தண்ணீர் வருகிறது. நீங்களும் வரலாம். வந்தால் ஆளுக்கு இரண்டு குடம் தூக்க வேண்டியிருக்கும்."